ஒசாகா பீங்கான் அருங்காட்சியகம்: போகலாமா, விட்டுவிடலாமா?

9 நவம்பர் 2024 (கேள்வி)

ஒசாகாவில் ஒரு பகல் மிச்சம் இருக்கிறது. கோட்டை, தோத்தோன்போரி இரண்டும் பட்டியலில் உண்டு. கூட வருபவர் நாகனோஷிமாவில் இருக்கும் கீழைநாட்டுப் பீங்கான் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். சட்டி பானையைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? கோட்டையை விட்டுவிட்டு அங்கே போவது கிறுக்குத்தனம் என்பது என் கட்சி. போனவர்கள் சொல்லுங்கள்.

10 நவம்பர் 2024

போனவன் சொல்கிறேன். கோட்டையில் நீங்கள் ஏறப்போகும் கோபுரம் 1931-ல் கட்டிய கான்கிரீட் கட்டடம். உள்ளே லிஃப்ட் உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஜப்பானை ஒரு குடைக்குக் கீழ் கொண்டுவந்த ஹிதேயோஷி கட்டியது 1615 போரில் எரிந்தது. அடுத்து ஆட்சிக்கு வந்த தொக்குகாவா வம்சத்தார் கட்டியதை 1665-ல் இடி விழுந்து நெருப்பு தின்றது. சுற்றுச்சுவரின் கற்கள் பழையவை, அவை பார்க்க வேண்டியவைதான். மேலே இருப்பது நம் தாத்தா காலத்துச் சமாச்சாரம்.

அந்த ஹிதேயோஷிக்கு ஒரு அக்கா மகன், ஹிதெத்சுகு. ஒரு கட்டத்தில் வாரிசாகவே அறிவிக்கப்பட்டவர். அப்புறம் மாமனுக்குச் சொந்தப் பிள்ளை பிறந்தது. 1595-ல் மருமகனை வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகவைத்தார் மாமன். அந்த மருமகனிடம் இருந்ததாகச் சொல்லப்படும் தேநீர்க் கிண்ணம் ஒன்று நீங்கள் வேண்டாம் என்கிற இடத்தில் இருக்கிறது. உயரம் 7.5 செ.மீ., வாய் 12.2 செ.மீ. அப்போதே அதற்குச் சில நூறு வயது. தென் சோங் காலத்துச் சீனாவில், ஃபூஜியன் மாகாணத்து ஜியான் சூளையில் சுட்டது. பிறகு நிஷி ஹொங்கன்ஜி மடம், மித்சுயி குடும்பம், வகாசாவின் சக்காய் பிரபுக்கள் என்று கை மாறிக் கடைசியில் இங்கே வந்தது. ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களில் ஒன்று.

எது பழையது என்பதுதான் கணக்கென்றால் கிண்ணத்துக்கே என் ஓட்டு.

10 நவம்பர் 2024, இரவு

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டிருக்கிறார்கள். வேகமாக நடந்தால் நாற்பது நிமிடத்தில் முடித்துவிடலாம், அவ்வளவு பெரிய இடம் இல்லை. அப்படி முடித்தவர்கள்தான் வெளியே வந்து "எல்லாம் ஒரே மாதிரி இருந்தது" என்கிறார்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஐந்தாறு பொருளை மட்டும் தேர்ந்தெடுத்து அவற்றின் முன்னால் நில்லுங்கள், மற்றதைக் கடந்து போங்கள். கட்டியவர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. பெட்டிகளுக்கு இடையே தாராளமாக இடம் விட்டிருக்கிறார்கள். சில ஜாடிகள் மெல்லச் சுழலும் மேடையில் நிற்கின்றன. நாம் சும்மா நின்றால் போதும், ஜாடி தன் முதுகையும் காட்டும். பூகம்ப நாடு என்பதால் அதிர்வைத் தாங்கும் அடித்தளமும் உண்டு.

படம் எடுக்கலாம். ஆனால் முதல் சுற்றில் போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

13 நவம்பர் 2024

"நீங்கள் கலை படித்தவரா?" இல்லை. கணக்கர். கோபேயில் ஒரு கம்பெனியில் வரவு செலவு பார்ப்பவன். இந்த அருங்காட்சியகத்துக்கு முதலில் போனதே பானைக்காக இல்லை, அதன் பின்னால் இருக்கும் திவால் கதைக்காக. அதைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த பகுதி.

அத்தாக்கா என்று ஒசாகாவில் ஒரு வணிக நிறுவனம் இருந்தது. ஜப்பானின் முதல் பத்துப் பெரிய வணிக நிறுவனங்களுக்குள் இடம் பிடித்த ஒன்று. நிறுவனரின் மகன் எயிச்சி அத்தாக்கா, 1901-ல் பிறந்தவர். வியாபாரத்தைவிட இசையிலும் பீங்கானிலும் மனசு போன ஆள். 1951-ல் கம்பெனியே கலைப்பொருள் வாங்கலாம் என்று முடிவாயிற்று. அதாவது இவர் ஆசைப்படுவார், கம்பெனி பணம் கொடுக்கும், பொருள் கம்பெனிச் சொத்தாக ஏட்டில் ஏறும். கால் நூற்றாண்டு இப்படி ஓடியது. வாங்கியது மொத்தம் 965 உருப்படி, பெரும்பகுதி கொரியாவினுடையது, மிச்சத்தில் பெரும்பாலும் சீனாவினுடையது. எல்லாம் பொறுக்கி எடுத்த சரக்கு. அந்த விலைகளுக்கு எந்தத் தணிக்கையாளர் எப்படித் தலையாட்டினார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

இடையில் கம்பெனி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையோடு சகவாசம் வைத்தது. அமெரிக்கக் கிளை மூலமாகக் கச்சா எண்ணெயைக் கடனுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தது. 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை எகிறியது, ஆலை தள்ளாடியது, 1976-ல் திவால். கொடுத்த கடன் கொடுத்ததுதான். 1977-ல் அத்தாக்காவைச் சி. இத்தோ (இன்றைய இத்தோச்சு) விழுங்கிக்கொண்டது. பானைகளை மட்டும் அது எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது கடன் கொடுத்தவர்கள் முன்னால் ஆயிரம் பானை. விற்றுக் காசாக்குவதுதான் முறை. ஏலத்துக்கு விட்டிருந்தால் லண்டன், நியூயார்க் என்று சிதறியிருக்கும். சிதறக் கூடாது என்று நாட்டுக்குள் பெரிய பேச்சு எழுந்தது. கடைசியில் சுமிட்டோமோ குழுமத்தின் 21 நிறுவனங்கள் சேர்ந்து ஒசாகா நகராட்சிக்கு நன்கொடை கொடுத்தன. நகராட்சி அந்தப் பணத்தில் மொத்தத்தையும் வாங்கியது. கட்டடம் எழுந்தது அந்த நன்கொடையின் வட்டியில். 1982 நவம்பரில் திறந்தார்கள். வாராக் கடன் அருங்காட்சியகமாக மாறிய வேறு ஒரு கணக்கை நான் கண்டதில்லை.

அத்தாக்காவில் இந்தச் சேகரிப்பைக் கவனித்துவந்த ஊழியர் இத்தோ இக்குதாரோதான் முதல் இயக்குநர். கம்பெனி போனாலும் வேலை போகாத ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும் என்று நானாகச் சொல்லிக்கொள்வது வழக்கம்.

13 நவம்பர் 2024, சற்றுப் பிறகு

எயிச்சி அத்தாக்கா 1994 வரை இருந்தார். தன் பானைகள் தனக்குச் சொந்தமில்லாமல் ஊர்ச் சொத்தாகக் கண்ணாடிக்குள் இருப்பதைப் பன்னிரண்டு வருடம் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. என்ன நினைத்திருப்பார்?

15 நவம்பர் 2024

போன வருகையில் மாமனாரைக் கூட்டிப்போனேன். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். முன்கூடத்தில் நின்று இந்தக் கதையைச் சொன்னதும், "மாப்பிள்ளை, அந்த எண்ணெய்க் கடனுக்கு ஈடு என்ன வாங்கினாங்க?" என்றார். எனக்குத் தெரிந்தவரை பெரிதாக ஒன்றும் இல்லை என்றேன். அதற்கப்புறம் மனிதர் ஒரு பானையையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பெட்டி முன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டே போனார். ரசிக்கிறார் என்று காவலர் நினைத்திருப்பார். "இதையாவது ஈடாப் பிடிச்சிருக்கலாம்ல" என்பது கொரியாவின் கொர்யோ அரச காலத்துக் குடுவை ஒன்றின் முன்னால் அவர் சொன்னது.

20 நவம்பர் 2024

"இயற்கை ஒளி அறை என்று பீற்றுகிறார்கள், விளம்பரம்தானே" என்ற குறிப்புக்கு.

கொஞ்சம் நீளமாகத்தான் வரும். செலடான் எனப்படும் பச்சைப் பீங்கானின் நிறத்துக்குக் காரணம் இரும்பு. மேல்பூச்சில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இரும்பு இருந்தால் போதும். சூளைக்குள் காற்று தாராளமாகப் போனால் அது மஞ்சளும் பழுப்புமாகத் திரும்பிவிடும். காற்றைக் குறைத்து, புகை மூட்டத்தில் சுட்டால் பூச்சிலிருந்து ஆக்ஸிஜன் பிடுங்கப்பட்டு நீலப்பச்சை வரும். அந்தப் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் நிறைய. வெளிச்சம் உள்ளே போய்ச் சிதறித் திரும்புகிறது. அதனால் எந்த விளக்கில் பார்க்கிறோமோ அந்த விளக்கு நிறத்தில் பாதியைத் தீர்மானிக்கிறது. மஞ்சள் பல்பின் கீழ் கொர்யோ செலடான் வாடிய இலை. மலிவான டியூப் லைட்டின் கீழ் அது மருத்துவமனைச் சுவர்.

ஜப்பானில் செலடான் ரசிகர்களிடையே ஒரு பழைய விதி சொல்வார்கள்: இலையுதிர் காலத்தில், வானம் தெளிந்த நாளில், காலை பத்து மணி வாக்கில், வடக்குப் பார்த்த அறையில், ஒரு காகிதத் திரை வழியாக வடியும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கேட்டால் சிரிப்பு வரும். இந்த அருங்காட்சியகம் அந்த விதியை நிஜமாகவே எடுத்துக்கொண்டு கட்டடத்துக்குள் வெளிச்சத்தைக் கீழே இறக்குகிற ஒரு கூண்டு வைத்து, அதன் அடியில் செலடானை நிறுத்தியிருக்கிறது. திறந்த காலத்தில் உலகத்திலேயே இதுதான் முதல் முயற்சி என்று சொல்லிக்கொள்கிறார்கள். மற்ற கூடங்களில் மின்விளக்குத்தான். 2022 பிப்ரவரியில் மூடி 2024 ஏப்ரலில் மறுபடி திறந்த சீரமைப்புக்குப் பிறகு புதிய எல்இடி. அதுவும் நன்றாகவே இருக்கிறது.

விளம்பரமா என்றால், நீங்களே சோதிக்கலாம். அங்கே பெட்டி முன்னால் நிற்கும்போது மேகம் நகர்ந்தால் குடுவையின் நிறம் மாறும். யாரோ ரெகுலேட்டரைத் திருப்பியதுபோல. எல்இடி அதைச் செய்யாது.

21 நவம்பர் 2024

மழை நாளில் போய் ஏமாந்தேன் என்று எழுதியவர் சொல்வதும் உண்மை. ஜூன் மழைக்காலத்தில் நானும் பார்த்திருக்கிறேன், எல்லாம் சாம்பல். அன்றைக்கு எல்இடி கூடத்தில் இருந்த செலடான்தான் அழகு. இயற்கை ஒளி என்று எடுத்துக்கொண்டால் மோசமான வானிலையும் அதற்குள் அடக்கம், வேறு வழியில்லை. நேற்று எழுதியதில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். நல்ல நவம்பர் காலைக்கு மட்டும் அது முழுசாகப் பொருந்தும்.

22 நவம்பர் 2024

திங்கள்கிழமை மூடியிருக்கும். அதைக் கவனிக்காமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்தால் பக்கத்திலேயே 1918-ல் கட்டிய செங்கல் பொது மண்டபம் இருக்கிறது, 1904-ல் திறந்த நூலகம் இருக்கிறது, ததாவ் ஆண்டோ வடிவமைத்த சிறுவர் நூலகம் இருக்கிறது. இரண்டு ஆற்றுக்கு நடுவே நீளமான தீவு, நாகனோஷிமா. ஒரு காப்பியோடு நடக்கலாம்.

2 டிசம்பர் 2024

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: "கொரியாவிலிருந்து திருடி வந்ததைப் போய் ரசிக்கிறீர்களா?"

தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வி இல்லை. கொர்யோ காலத்தில் (918 முதல் 1392 வரை) செலடானைப் பெரிய மனிதர்களின் கல்லறையில் வைத்துப் புதைக்கும் பழக்கம் இருந்தது. பின்னால் வந்த ஜோசோன் காலத்து மக்கள் முன்னோர் கல்லறையைத் தோண்டத் துணியவில்லை, அதனால் பல நூற்றாண்டு அவை மண்ணுக்குள்ளேயே பத்திரமாக இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியர்கள் கொரியாவுக்குள் வந்து, 1910-ல் நாட்டையே விழுங்கிய காலத்தில், கொர்யோவின் பழைய தலைநகரான கேசோங்கைச் சுற்றிலும் கல்லறைக் கொள்ளை ஒரு தொழிலாகவே நடந்தது. செலடான் மோகம் ஜப்பானியப் பணக்காரர்களிடம் பரவியது. அந்தப் பொருட்கள் ஜப்பான் சந்தைக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. அத்தாக்கா வாங்கத் தொடங்கிய 1951-ல் கொரியா விடுதலை பெற்றுச் சில வருடம் ஆகியிருந்தது. அவர் சந்தையில் பணம் கொடுத்துத்தான் வாங்கினார். ஆனால் அந்தச் சந்தைக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் பல வழிகள் கல்லறை வாசலில் போய் நிற்கும். கணக்கர் பாஷையில் சொன்னால் ரசீது சுத்தம், தொடக்க இருப்பு சந்தேகம்.

அதே காலத்தில் வேறு மாதிரி ஜப்பானியர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அசாகாவா சகோதரர்கள். மூத்தவர் நொரித்தாக்கா பழைய சூளை இருந்த இடங்களைத் தேடிக் கொரியா முழுக்க நடந்தார். இளையவர் தக்குமி காட்டிலாகா வேலையில் இருந்துகொண்டு கொரியர்களோடு கொரிய உடை போட்டு, கொரிய மொழி பேசி வாழ்ந்தார். 1931-ல் அங்கேயே இறந்தார், புதைத்ததும் அங்கேயே. அரசர் கல்லறைச் செலடானை விட்டுவிட்டு, எளிய வீட்டுச் சமையலறையில் இருந்த ஜோசோன் வெள்ளைப் பீங்கானை மதிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் இவர்கள். இவர்களிடம் கற்றுக்கொண்டுதான், எளிய மக்களின் கைவினையைப் போற்றி எழுதிய யானகி முனேயோஷி பேர் வாங்கினார்.

இது கொள்ளையை நியாயப்படுத்தாது. பட்டியலில் இதுவும் ஒரு வரி.

5 டிசம்பர் 2024

மூன்று நாளாக யோசித்தேன். மேலே எழுதியதில் ஒரு ஆளை விட்டிருக்கிறேன், அவர் இல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

லீ பியோங்-சாங். ஜப்பானில் வாழ்ந்த கொரியர், விடுதலைக்குப் பிந்தைய கொரிய அரசின் தூதுப் பணியில் இருந்தவர், பிறகு தொழிலுக்குப் போனவர். வாழ்நாளெல்லாம் சேர்த்த 301 கொரியப் பொருட்களையும் 50 சீனப் பொருட்களையும் 1990-களில் இதே அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். சியோலுக்குக் கொடுத்திருக்கலாமே என்று உடனே தோன்றும். கொரியாவிலும் அப்படிக் கேட்டிருப்பார்கள். ஜப்பானில் பிறந்து வளர்ந்து, பள்ளியில் தன் பெயரைச் சொல்லவே கூசுகிற கொரியப் பிள்ளைகள் ஏராளம். அவர்கள் போய் நின்று "இது எங்கள் ஊரில் செய்தது" என்று நிமிர்ந்து சொல்ல ஓர் இடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒசாகாவில்தான் அந்தச் சமூகம் அதிகம்.

அவர் பெயரில் தனிக் கூடம் இருக்கிறது. அத்தாக்கா சேகரிப்பைப் பார்த்துவிட்டு அங்கே நுழையும்போது, கண்ணாடிக்குள் இருப்பது அதே வகைக் குடுவைதான், ஆனால் அங்கே எனக்கு ஒரு உறுத்தல் குறைகிறது. முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

6 டிசம்பர் 2024

"அப்போ திருப்பிக் கொடுக்கச் சொல்கிறீர்களா, வேண்டாமா, நேராகச் சொல்லுங்கள்." கல்லறையிலிருந்து வந்தது என்று ஆவணம் காட்டும் பொருள் இருந்தால் கொடுக்க வேண்டும். ஆவணம் இல்லாததற்கு என்ன செய்வது என்று எனக்கு ஒரு தீர்ப்பு இல்லை.

19 ஜனவரி 2025

இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் இழை எங்கெங்கோ போயிருக்கிறது. யாரோ கிரிக்கெட் பேசியிருக்கிறார்கள். சரி. நிலா ஜாடி பற்றிக் கேட்டவருக்கு.

ஜோசோன் காலத்து வெள்ளை உருண்டை ஜாடி அது. அவ்வளவு பெரிய உருண்டையைச் சக்கரத்தில் ஒரே வீச்சில் வனைய முடியாது, களிமண் தன் பாரத்திலேயே சரிந்துவிடும். அதனால் இரண்டு பெரிய கிண்ணங்களை வனைந்து வாயோடு வாய் வைத்து ஒட்டினார்கள். வயிற்றில் அந்த ஒட்டு தெரியும், உருண்டையும் சரியான உருண்டையாக இருக்காது. சுடும்போது ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கிவிடும். அந்தக் கோணலுக்குத்தான் கூட்டம்.

ஒசாகாவில் இருக்கும் ஜாடிக்குத் தனிக் கதை. எழுத்தாளர் நாவோயா ஷிகா நாராவின் தோதாய்ஜி கோயில் துறவி ஒருவருக்குப் பரிசாகக் கொடுத்தது. கோயிலின் துணை மடத்தில் பல வருடம் இருந்தது. 1995-ல் ஒருவன் அதைத் திருடப் பார்த்தான். பிடிபடப் போகிறோம் என்று தெரிந்ததும் தரையில் ஓங்கி அடித்துவிட்டு ஓடினான். முந்நூறுக்கு மேல் துண்டுகள், மீதி தூள். கோயிலார் அந்தச் சில்லுகளையும் தூளையும்கூடக் கூட்டி எடுத்து வைத்தார்கள். அது அப்படியே இந்த அருங்காட்சியகத்துக்கு வந்து, மாதக்கணக்கில் ஒட்டி மறுபடி ஜாடியானது.

இப்போது முன்னால் நின்றால் உடைந்தது என்று யாராவது சொன்னால் ஒழிய தெரியாது. கூர்ந்து பார்த்தால் மெல்லிய கோடுகள். மனைவி ஒரு பக்கம் இருந்து பார்த்தே "இது உடைஞ்சதுதானே" என்று கண்டுபிடித்துவிட்டாள், நான் சொல்லாமலே. பாத்திரக்கடைக் கண்.

இங்கே எனக்கும் அவளுக்கும் ஒரு சண்டை இன்னும் முடியவில்லை. ஜப்பானில் உடைந்த கிண்ணத்தை அரக்கு வைத்து ஒட்டி, ஒட்டின் மேல் தங்கத்தூள் பூசும் வழக்கம் உண்டு. இணையத்தில் அதைத் தத்துவமாக்கித் தேய்த்துவிட்டார்கள். இந்த ஜாடிக்கு அப்படிச் செய்யவில்லை, ஒட்டிய கோடுகளை முடிந்தவரை மறைத்திருக்கிறார்கள். அவள் கட்சி: நடந்ததைக் காட்ட வேண்டும், மறைத்தது பொய். என் கட்சி: தங்கக்கோடு போட்டிருந்தால் அது திருடன் போட்ட கோலமாக ஆகியிருக்கும், எல்லாரும் அவனைத்தான் பார்த்திருப்பார்கள்.

20 ஜனவரி 2025

மூக்குப்பொடி டப்பாக்களைப் பற்றி ஒருவரும் பேசாதது அநியாயம். சிங் காலத்துச் சீனப் பெரிய மனிதர்கள் வைத்திருந்த கட்டைவிரல் அளவுக் குப்பிகள், ஆயிரத்துக்கு மேல் இங்கே இருக்கின்றன. பீங்கான், கண்ணாடி, பச்சைக்கல் என்று எல்லாவற்றிலும். கொடுத்தவர் ஓக்கி ஷோஇச்சிரோ. யார் தெரியுமா? ஃபேமிலிமார்ட்டின் முதல் தலைவர். ஆமாம், ராத்திரி இரண்டு மணிக்கு நாம் சோற்று உருண்டை வாங்கும் அதே ஃபேமிலிமார்ட்.

மாமனார் நின்று பார்த்தது இந்தப் பெட்டியை மட்டும்தான். அவருடைய அப்பாவிடம் டி.ஏ.எஸ். பட்டணம் பொடி மட்டையும் ஒரு வெள்ளி டப்பாவும் எப்போதும் மடியில் இருக்குமாம். "இவ்வளவு சின்னதா இருந்தா எப்படி மாப்பிள்ளை ஒரு நாள் தாங்கும்?"

26 ஜனவரி 2025

முதலில் சொன்ன ஹிதெத்சுகுவின் தேநீர்க் கிண்ணத்தின் மேல் இருக்கும் வெள்ளிப் புள்ளிகள் வரைந்ததா என்று கேட்டவருக்கு: இல்லை, யாரும் தூரிகையால் தொடவில்லை. கறுப்புப் பூச்சில் இரும்பு எக்கச்சக்கமாக இருக்கிறது. சூளை 1300 டிகிரியை நெருங்கும்போது இரும்பு ஆக்சைடு பிரிந்து ஆக்ஸிஜன் குமிழாக மேலே வரும். குமிழ் வரும்போது பக்கத்து இரும்பையும் இழுத்துக்கொண்டு வந்து, மேற்பரப்பில் உடைந்து, அங்கே ஒரு இரும்புத் திட்டை விட்டுவிடும். ஆறும்போது அது படிகமாகிப் பளபளக்கும். சூடு சற்றுக் குறைந்தால் குமிழே வராது, கூடிவிட்டால் திட்டுகள் உருகிக் கோடாக வழிந்துவிடும். அந்த வழிந்த கோடுள்ள ஜியான் கிண்ணங்கள் நிறையக் கிடைக்கின்றன. இந்த அளவுக்குப் புள்ளி ஒழுங்காக, உள்ளும் புறமும் நிரம்பி நின்றது அபூர்வம். வாயில் தங்கப் பட்டை கட்டியிருக்கிறார்கள்.

குனிந்து பாருங்கள். நின்ற வாக்கில் கறுப்பு, குனிந்தால் நீலமும் பொன்னும். முட்டி வலி உள்ளவர்களுக்கு என் அனுதாபங்கள்.

3 பிப்ரவரி 2025

"இதில் தமிழ்நாட்டுக்கு என்ன?" ஒன்றும் இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் இருக்கிறது.

இங்கே உள்ள இன்னொரு தேசியப் பொக்கிஷம் ஒரு செலடான் பூக்குடுவை, உயரம் 27.4 செ.மீ. பச்சை மேல் அங்கங்கே இரும்புப் பழுப்புத் திட்டு. யுவான் காலத்தில், சீனாவின் ஜெஜியாங் மாகாணத்து லோங்சுவான் சூளைகளில் செய்தது. ஒசாகாவின் பழைய பணக்காரக் குடும்பமான கோனோய்க்கே வீட்டில் இருந்தது. லோங்சுவான் சரக்கு அந்தக் காலத்தில் கப்பல் கப்பலாக ஏற்றுமதி ஆனது. ஒரு வழி ஜப்பானுக்கு, இன்னொரு வழி நம் பக்கம். ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் சில்லுகள் ஏராளமாகக் கிடைத்தன, அவற்றில் லோங்சுவான் செலடான் நிறைய. அந்த ஆய்வில் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலுவோடு நின்றவர் ஒரு ஜப்பானியர், நொபோரு கராஷிமா. சோழர் கல்வெட்டுகளைப் படித்தே வாழ்நாளைக் கழித்தவர்.

இங்கே ஒரு குடுவையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் பெட்டியாக வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். அங்கே அதே சூளைத் தட்டில் யாரோ மரைக்காயர் வீட்டில் சோறு போட்டு, உடைந்ததும் கொல்லையில் எறிந்திருப்பார்கள். யார் வீட்டில் அந்தப் பீங்கானுக்கு நல்ல வாழ்க்கை என்று கேட்டால், நான் கொல்லைப்பக்கம் சாய்வேன். மனைவி இதற்கும் எதிர்க்கட்சி.

4 பிப்ரவரி 2025

மரைக்காயர் என்றது என் கற்பனை. சண்டைக்கு வர வேண்டாம்.

16 பிப்ரவரி 2025

புன்சோங் என்ற பாத்திர வகை பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். செலடானுக்கும் வெள்ளைப் பீங்கானுக்கும் நடுவே 15, 16-ஆம் நூற்றாண்டில் கொரியாவில் வந்தது. மண் சாம்பல் நிறம், அதன் மேல் வெள்ளைக் களிமண் கூழைப் பூசுவார்கள். சிலதில் பூ அச்சு குத்தி நிரப்பியிருக்கும். சிலதில் முரட்டுத் தூரிகையால் ஒரே சுற்று, வைக்கோல் மயிர் இழுத்த கோடு அப்படியே நிற்கும். சிலதை அடியைப் பிடித்துக் கூழுக்குள் முக்கி எடுத்திருக்கிறார்கள், விரல் பிடித்த இடம் மட்டும் வெறுமண். அரசாங்கச் சூளைகள் வெள்ளைப் பீங்கானுக்குத் திரும்பிய பிறகு இது மங்கிப்போயிற்று.

அதில் மீன் வரைந்த குடுவைகளைத் தேடிப் பாருங்கள். கண் தலைக்கு வெளியே, துடுப்பு நாலு கீறல், செதில் பாதியில் நின்றுவிட்டது. வரைந்தவருக்கு அன்றைக்கு இன்னும் ஐம்பது குடுவை பாக்கி இருந்திருக்கும். செலடானில் இருக்கும் கச்சிதத்தைப் பார்த்து அலுத்த கண்ணுக்கு இது விடுதலை. நான் இப்போதெல்லாம் நேராக இங்கே வந்துவிடுகிறேன், தேசியப் பொக்கிஷங்களுக்குப் போகிற போக்கில் ஒரு வணக்கம்.

போகும் முன் இணையதளத்தில் என்ன காட்சியில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிறப்புக் கண்காட்சி வரும்போது பொருட்கள் இடம் மாறும், சிலது வெளியூரும் போகும். நானி­வபாஷி ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே.